“பேப்பரில் போட்டிருக்கிறதே” என்று மாத்திரையை நிறுத்தலாமா?



பத்திரிகை கைக்கு வந்ததும் நம்மவர்கள் புரட்டுகிற வரிசை ஒன்று உண்டு. முதல் பக்கம், மரண அறிவிப்பு, ராசி பலன், அப்புறம் மருத்துவக் குறிப்பு. அரசியல்வாதி சொன்னதை நம்பாதவரும் மருத்துவக் குறிப்பை நம்பிவிடுவார். ஒரு காலத்தில் அதைக் கத்தரித்து அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்தோம். இப்போது கத்தரிக்கோல் வேண்டியதில்லை. கைப்பேசியில் படம் பிடித்து, சிங்கப்பூரில் வேலை செய்கிற மகனுக்கும் கிள்ளானில் இருக்கிற மைத்துனருக்கும் ஒரே நிமிடத்தில் அனுப்பிவிடுகிறோம்.

அனுப்புவதில் தப்பில்லை. படிக்கிற பழக்கம் நல்ல பழக்கம்தான். ஆனால் படித்த மறுநாளே, “பேப்பர்ல போட்டிருக்கான், இந்த மாத்திரை ஆகாதாம்” என்று சொல்லி, கிளினிக்கில் கொடுத்த மருந்தைக் குப்பையில் போடுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கலாம். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இந்த மாதப் பகுதியைப் படியுங்கள்.

இனிப்புநீர் மாத்திரையிலிருந்தே தொடங்குவோம். அது நம் வீட்டுச் சங்கதி. 2019ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு நாடு முழுவதும் எடுத்த ஆய்வில், பெரியவர்களில் 100க்கு 18 பேருக்கு இனிப்புநீர் இருந்தது. இன வாரியாகப் பார்த்தால் இந்தியர்கள்தான் முன்னணி. நாம் முன்னணியில் நிற்கிற விஷயங்கள் குறைவு. அதில் இது ஒன்றாகிப் போனது வேதனைதான்.

அந்த நோயாளிகளுக்குப் பெரும்பாலும் முதலில் கொடுக்கப்படும் மாத்திரை மெட்ஃபோர்மின். 2019 டிசம்பரில் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம், மெட்ஃபோர்மின் மருந்துகள் சிலவற்றில் ‘என்.டி.எம்.ஏ.’ என்னும் இரசாயனம் அனுமதித்த அளவுக்கு மேல் இருப்பதாகக் கண்டு அவற்றைத் திரும்பப் பெற்றது. அந்த இரசாயனம் நீண்ட காலம் அதிக அளவில் உடம்பில் சேர்ந்தால் புற்றுநோய் வரக்கூடும் என்று கருதப்படுகிறது. ஆகவே செய்தி உண்மைதான். ஆணையம் அதே அறிக்கையில் சொன்ன மற்றதும் உண்மை. அப்போது அங்கே விற்பனையில் இருந்த மெட்ஃபோர்மின் வகைகள் 46. திரும்பப் பெற்றவை 3. நோயாளிகள் தாங்களாகவே மாத்திரையை நிறுத்த வேண்டாம், டாக்டரைக் கேளுங்கள் என்றும் ஆணையம் சொன்னது.

‘இனிப்புநீர் மாத்திரையில் புற்றுநோய் இரசாயனம்’ என்று கொட்டை எழுத்தில் போட எந்தப் பத்திரிகையிலும் இடம் இருக்கும். ‘46இல் 3’ என்பது கீழே, விளம்பரத்துக்கு மேலே, கடைசி வரியில் வரும். கைப்பேசியில் படம் பிடிக்கும்போது அந்த வரி படத்துக்கு வெளியே போய்விடும்.

மாத்திரையை நிறுத்தியவருக்கு முதல் வாரத்தில் ஒன்றும் தெரியாது. “பார்த்தியா, நல்லாத்தானே இருக்கேன்” என்பார். உள்ளே சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும். கால் ரணம் ஆறாமல் விரலை எடுத்தவர்கள், வாரத்துக்கு மூன்று முறை இரத்தம் சுத்தம் செய்யப் போகிறவர்கள், கண் மங்கி வீட்டோடு இருப்பவர்கள், இப்படி உங்களுக்குத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். அவர்களை அந்த நிலைக்குக் கொண்டு வந்தது என்.டி.எம்.ஏ. அல்ல, கட்டுக்கு அடங்காத சர்க்கரை.

பால் வெட்டியவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வாளியில் எத்தனை கிலோ பால் என்பது முழுக் கணக்காகாது. மெட்ரோலாக்கை விட்டுப் பார்த்து, அந்தப் பாலில் உலர்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்று பார்த்தால்தான் கூலிக் கணக்கு நிற்கும். தண்ணீர் கலந்த பால் வாளியை நிறைக்கும், கணக்கில் கரைந்துவிடும். மருத்துவச் செய்தியும் அப்படித்தான். ‘ஆபத்து இரட்டிப்பு’, ‘50 விழுக்காடு குறைவு’ என்பதெல்லாம் வாளி எடை. எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்பதுதான் உலர்ந்த ரப்பர். அதைச் சொல்லாத செய்தியை வைத்துக்கொண்டு யாரும் கணக்கு முடிக்க முடியாது.

இப்படிக் கணக்கு முடித்து அவதிப்பட்டவர்கள் இங்கிலாந்துப் பெண்கள். 1995 அக்டோபரில் அந்நாட்டின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விட்டது. புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளைச் சாப்பிட்டால் காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைகிற ஆபத்து, பழைய வகையைக் காட்டிலும் இரண்டு மடங்கு என்றது அந்த எச்சரிக்கை. பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் இரட்டிப்பு, இரட்டிப்பு என்று முழங்கின. படித்த பெண்கள், வேலைக்குப் போகிற பெண்கள், பாதி அட்டையிலேயே மாத்திரையை நிறுத்தினார்கள்.

உலர்ந்த ரப்பர் கணக்கு என்ன? பழைய மாத்திரை சாப்பிட்ட 7,000 பெண்களில் ஏறத்தாழ ஒருவருக்கு இரத்தம் உறைந்தது. புதிய மாத்திரை சாப்பிட்ட 7,000 பெண்களில் இருவருக்கு. ஒன்று இரண்டானால் இரட்டிப்புதான், யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் 7,000இல் ஒருவர் கூடுதல் என்று சொல்லியிருந்தால் எத்தனை பேர் பயந்து நிறுத்தியிருப்பார்கள்? அதற்கடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழக்கத்தைவிட ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வேண்டாத பிள்ளையைப் பெற்றவர்கள் தனி. இதில் இன்னொரு கொடுமை இருக்கிறது. கர்ப்பமாக இருக்கும்போது இரத்தம் உறைகிற ஆபத்து, அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம். எதற்குப் பயந்தார்களோ அதற்குள்ளேயே போய் விழுந்தார்கள்.

கையோடு நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2015 அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பாசார் மாலாமில் பிள்ளைகள் அடம் பிடித்துக் கேட்கிறார்களே, அந்த சோசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியை நாள்தோறும் 50 கிராம் சாப்பிட்டால் குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 விழுக்காடு கூடும் என்றது. உடனே, “நூறு பேர் தின்னா பதினெட்டுப் பேருக்குப் புற்றுநோயாம்” என்று பேச்சு. கணக்கு அதுவல்ல. பிரிட்டனில் வாழ்நாளில் 100 பேரில் 6 பேர் அளவுக்கு வருகிற நோய், தினமும் அதைத் தின்றால் 7 பேர் அளவுக்கு வரும். ஆறின் மேல் 18 விழுக்காடு, கிட்டத்தட்ட ஒன்று. புகையிலை இருக்கிற பட்டியலிலேயே சோசேஜையும் சேர்த்தார்கள் என்பதால், இரண்டும் ஒரே அளவு கெடுதல் என்றும் சில பத்திரிகைகள் எழுதின. அந்தப் பட்டியல், ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கிற பட்டியல். கெடுதல் எவ்வளவு பெரிது என்பதை அது சொல்லாது. அதற்காக தினமும் வாங்கிக் கொடுங்கள் என்று நான் சொன்னதாக யாரும் வீட்டில் சண்டை போட வேண்டாம்!

அடுத்தபடி பார்க்க வேண்டியது, யாரை வைத்துச் சோதித்தார்கள் என்பது. நம்மவர்களுக்குப் பாகற்காய் மேல் தனி மதிப்பு. 2010இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், பாகற்காய்ச் சாறு மார்பகப் புற்றுநோய் உயிரணுக்கள் பெருகுவதைத் தடுத்ததாக ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நல்ல ஆய்வு. ஆனால் அந்த உயிரணுக்கள் இருந்தது ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில். எந்தப் பெண்ணின் மார்பிலும் இல்லை. செய்தி நம் வீட்டுக்கு வந்து சேரும்போது ‘மார்பகப் புற்றுநோயைக் குணப்படுத்தும் பாகற்காய்’ ஆகிவிடுகிறது. கண்ணாடித் தட்டில் கிடக்கிற உயிரணுவை உப்புத் தண்ணீரும் கொல்லும், குளோரோக்ஸும் கொல்லும். உடம்புக்குள் போய், இரைப்பையைத் தாண்டி, இரத்தத்தில் கலந்து, நல்ல உயிரணுவை விட்டுவிட்டுக் கெட்டதை மட்டும் தாக்குமா என்பது வேறு சோதனை. எலிக்கு நடத்த வேண்டும், பிறகு மனிதர்களுக்கு நடத்த வேண்டும். பல வருஷ வேலை அது. எலியைக் குணப்படுத்திவிட்டு மனிதரிடம் தோற்றுப்போன மருந்துகள் ஏராளம்.

மார்பில் கட்டியைத் தடவிப் பார்த்த அக்கா ஒருவர், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகக் கூச்சப்பட்டுக்கொண்டு மூன்று மாதம் பாகற்காய்ச் சாறு குடித்தால் என்ன ஆகும்? நம் நாட்டில் இந்நோயோடு வருகிற பெண்களில் பலர் முற்றிய நிலையில்தான் வருகிறார்கள் என்று டாக்டர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். பாகற்காயைக் குழம்பு வையுங்கள், பொரியல் செய்யுங்கள், யார் வேண்டாம் என்றது? கட்டியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். இனிப்புநீர் மாத்திரையோடு பாகற்காய்ச் சாற்றையும் தினமும் குடிக்கிறவர்கள் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரலாம்.

எத்தனை பேரை வைத்துச் சோதித்தார்கள் என்பதும் உண்டு. இதற்கு ஒரு வேடிக்கைக் கதை, நடந்த கதை. 2015இல் ஜான் பொஹானன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், பத்திரிகைகள் எவ்வளவு சுலபமாக ஏமாறும் என்று பார்ப்பதற்காகவே சிலரோடு சேர்ந்து ஜெர்மனியில் ஓர் ஆய்வு நடத்தினார். 15 பேர், 3 வாரம். சிலருக்குக் கறுப்பு சாக்லெட் கொடுத்தார்கள். எடை, கொழுப்புச் சத்து, தூக்கம் என்று 18 விஷயங்களை அளந்தார்கள். காசு கொடுத்தால் போடுகிற ஓர் ஆய்விதழில் கட்டுரை வெளிவந்தது. ‘சாக்லெட் சாப்பிட்டால் எடை சீக்கிரம் குறையும்’ என்று ஜெர்மனியின் ‘பில்ட்’ நாளிதழ் முதல் பக்கத்திலேயே போட்டது. பல நாட்டுப் பத்திரிகைகளும் பின்னாலேயே போட்டன. எத்தனை பேரை வைத்துச் செய்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை என்று பிறகு அவரே எழுதினார்.

நம்பர் எடுக்கிறவர்களுக்கு இந்தச் சூட்சுமம் உடனே புரியும். ஒரு நம்பர் எடுத்தால் விழுவது கஷ்டம். 18 நம்பர் எடுத்தால் ஏதாவது ஒன்று விழுகிற வாய்ப்பு கூடும். 18 விஷயத்தை அளந்து, தற்செயலாக மாறுபட்ட ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டி ‘கண்டுபிடிப்பு’ என்றார்கள். விழாத 17ஐப் பற்றிப் பேச்சில்லை. (1980களில் தென்னைக்கு ஊடே கொக்கோ நட்டுப் பராமரித்த நம் தோட்டத்து மக்களுக்கு, அந்தக் கொக்கோவால் எடை குறைந்தது என்றால் அது வேலையின் பளுவால்தான்.)

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை என்று நினைக்காதீர்கள். நம் நாட்டில், நம் கண் முன்னால் நடந்தது ஐவர்மெக்டின் கதை. சிரங்கு, சில புழு நோய்கள் ஆகியவற்றுக்கு அது நல்ல மருந்து. ஆடு மாடுகளுக்கும் கொடுப்பதுண்டு. கோவிட் பரவிய 2020, 2021 ஆண்டுகளில், அது கோவிட் மரணத்தைப் பெருமளவு குறைப்பதாக எகிப்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது. மற்ற டாக்டர்கள் சரிபார்ப்பதற்கு முன்பே அது உலகமெங்கும் செய்தியானது. பிறகு லண்டனில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் அதன் கணக்கைத் தோண்டிப் பார்த்தார். ஆய்வு தொடங்குவதற்கு முன்பே இறந்துபோனவர்கள்கூட அந்தப் பட்டியலில் இருந்தார்கள்! 2021 ஜூலையில் அந்த ஆய்வு அகற்றப்பட்டது. அதற்குள் நம் ஊரிலும் கள்ளத்தனமாக அந்த மாத்திரையை விலை ஏற்றி விற்றார்கள். சம்பளம் இல்லாத அந்த நாளில், கையிலிருந்த வெள்ளியைக் கொடுத்து வாங்கியவர்கள் உண்டு.

அப்போது நம் மலேசிய டாக்டர்கள் ஒரு காரியம் செய்தார்கள். பெருமையோடு சொல்ல வேண்டிய காரியம். 2021 மே கடைசி முதல் அக்டோபர் வரை, 20 அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் ஒரு கோவிட் மையத்திலும், 50 வயதுக்கு மேற்பட்ட, வேறு நோயும் உள்ள 490 பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். யார் எந்தக் கூட்டம் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். 241 பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு ஐவர்மெக்டினும், 249 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். முடிவு 2022 பிப்ரவரியில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழ் ஒன்றில் வந்தது. ஐவர்மெக்டின் சாப்பிட்டவர்களில் 52 பேருக்கு நோய் கடுமையானது. சாப்பிடாதவர்களில் 43 பேருக்கு. ஆக, மருந்தால் பலன் இல்லை. வயிற்றுப்போக்குதான் மிச்சம்.

அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. இறந்தவர்கள், மருந்து சாப்பிட்ட பக்கம் 3 பேர், சாப்பிடாத பக்கம் 10 பேர். அதை மட்டும் பிடித்துக்கொண்டு ‘மரணம் 70 விழுக்காடு குறைந்தது’ என்று ஒருவர் தலைப்பு போடலாம். 52ஐயும் 43ஐயும் பிடித்துக்கொண்டு ‘மருந்து நோயை முற்ற வைக்கிறது’ என்று இன்னொருவர் போடலாம். ஒரே ஆய்வு, இரண்டு தலைப்பு, இரண்டும் தவறு. ஏனென்றால் இந்த அளவு வித்தியாசம் மருந்தே கொடுக்காமல், வெறும் குலுக்கலில் பிரித்ததாலேயே வந்துவிடக்கூடும். நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் ஏழு தலை விழுவதில்லையா? ஆராய்ச்சியாளர்கள் அதை அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். தலைப்பு போடுகிறவருக்கு அந்த வரி ருசிக்காது.

பிள்ளை பெற்றவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது தடுப்பூசிச் செய்தி. 1998 பிப்ரவரியில் லண்டனில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும் ‘லான்செட்’ என்ற பெயர் பெற்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடுகிற ஊசிக்கும் ஆட்டிசம் என்ற மூளை வளர்ச்சிக் குறைபாட்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயத்தை அது கிளப்பியது. அவர்கள் பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர் தெரியுமா? 12. தொடர்பை நிரூபிக்கவில்லை என்று கட்டுரையிலேயே எழுதியிருந்தது. ஆனால் பத்திரிகையாளர்களைக் கூட்டிப் பேசும்போது, மூன்று ஊசியாகப் பிரித்துப் போடுவதே நல்லது என்று வேக்ஃபீல்ட் சொன்னார். அதுதான் செய்தியானது. பல வருஷம் செய்தியாகவே ஓடியது.

2002இல் டென்மார்க்கில் 5 லட்சத்து 37 ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வித்தியாசம் இல்லை. 12 பிள்ளைகளின் செய்தி போன தூரத்துக்கு 5 லட்சம் பிள்ளைகளின் செய்தி போகவில்லை. இங்கிலாந்தில் 100க்கு 92 பிள்ளைகள் ஊசி போட்ட நிலை மாறி, 2003-04இல் 80க்கு இறங்கியது. 2006இல், 14 ஆண்டுகளுக்குப் பிறகு, அந்நாட்டில் ஒரு சிறுவன் தட்டம்மையால் இறந்தான்.

இந்தப் புரளியைப் பரப்பியதும் பத்திரிகை, உடைத்ததும் பத்திரிகைதான். ‘சண்டே டைம்ஸ்’ நிருபர் பிரையன் டீர், ஊசிக் கம்பெனிகள் மேல் வழக்குப் போடுகிற வக்கீல்கள் தரப்பிலிருந்து வேக்ஃபீல்டுக்குப் பணம் போயிருக்கிறது என்பதை 2004இல் வெளிக்கொண்டு வந்தார். 2010இல் லான்செட் அந்தக் கட்டுரையை ரத்து செய்தது. அதே ஆண்டு வேக்ஃபீல்டின் பெயர் டாக்டர்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. இன்றைக்கும் அந்தப் பழைய செய்தி யாராவது ஒருவர் கைப்பேசியில் புதிதுபோல் வந்து விழுகிறது. அதில் தேதி இருக்காது. பார்த்திருப்பீர்கள்.

பணம் என்றதும் நம் சொந்தச் சங்கதி ஒன்று ஞாபகம் வருகிறது. செம்பனை. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்க சோயாபீன் உற்பத்தியாளர் சங்கம், செம்பனை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் இருதயத்துக்குக் கேடு என்று பெரிய பிரச்சாரம் செய்தது. சோயா எண்ணெய்க்குப் போட்டி செம்பனை எண்ணெய் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள். 1988இல் ஃபில் சொக்கொலோஃப் என்ற அமெரிக்க வியாபாரி, தமக்கு 43 வயதில் மாரடைப்பு வந்தவர், சொந்தப் பணத்தில் பெரிய பத்திரிகைகளில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தார். அமெரிக்காவையே நஞ்சூட்டுகிறார்கள் என்ற பாங்கில் விளம்பரம். நாம் வெயிலிலும் மழையிலும் குலை வெட்டி, உதிரிப் பழம் பொறுக்கிச் சேர்த்தது அங்கே நஞ்சாகிப் போனது.

பிஸ்கட் கம்பெனிகள் பயந்துபோய் அந்த எண்ணெய்களைக் கைவிட்டன. அதற்குப் பதில் எதைப் போட்டார்கள்? சோயா போன்ற எண்ணெயை ஹைட்ரஜன் சேர்த்துக் கெட்டியாக்கிப் போட்டார்கள். அதில் ‘டிரான்ஸ்’ கொழுப்பு உண்டு. 1990இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் அந்தக் கொழுப்பு கெட்ட கொலஸ்டிராலை ஏற்றி நல்லதை இறக்குகிறது என்று காட்டினார்கள். அமெரிக்க அரசே 2015இல் அது பாதுகாப்பானதல்ல என்று தீர்மானித்து, 2018 முதல் உணவில் சேர்ப்பதைத் தடுத்தது. ஒன்றை நஞ்சு என்று விரட்டிவிட்டு, அதைவிடக் கெட்டதை முப்பது வருஷம் தின்றார்கள்.

ஆனால் ஒரு பக்கம் மட்டும் பேசினால் நானும் அந்த விளம்பரக்காரர்களைப் போலத்தான். செம்பனை எண்ணெயில் ஏறத்தாழ பாதி, இரத்தத்தில் கெட்ட கொலஸ்டிராலைக் கூட்டுகிற நிறைவுற்ற கொழுப்பு. சோயா எண்ணெயில் அது 100க்கு 15 அளவுதான். நமக்குச் சோறு போடுகிற பயிர் என்பதற்காக அதை மறைக்க முடியாது. ‘செம்பனை எண்ணெய் அமுதம்’ என்று செய்தி வந்தாலும், ‘செம்பனை எண்ணெய் விஷம்’ என்று வந்தாலும், இதை எழுத வைத்தது யார், இதனால் யார் சரக்கு விற்கும் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். வறுத்த பலகாரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியது எந்த எண்ணெயானாலும்தான்.

எல்லாப் பழியையும் நிருபர் தலையில் போடுவதும் நியாயமில்லை. ஓர் ஆய்வு நம் கைக்கு வருகிற வழியைப் பாருங்கள். ஆராய்ச்சியாளர் எழுதுகிறார். பல்கலைக்கழகம் அதைச் சுருக்கிப் பத்திரிகைகளுக்கு அறிக்கை அனுப்புகிறது. செய்தி நிறுவனம் அதைச் சுருக்குகிறது. ஆங்கிலப் பத்திரிகை தலைப்பு போடுகிறது. தமிழ்ப் பத்திரிகையில் ஒருவர் இராத்திரி பத்து மணிக்கு அவசரத்தில் மொழிபெயர்க்கிறார். அப்புறம் உங்கள் மைத்துனர். 2014இல் பிரிட்டனின் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வில், அந்நாட்டின் 20 பெரிய பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 அறிக்கைகளைப் பார்த்தார்கள். ஆய்வில் இருந்ததைவிட மிகைப்படுத்திய ஆலோசனை 100க்கு 40 அறிக்கைகளில் இருந்தது. ஆகவே பெருக்கல் முதல் படியிலேயே தொடங்கிவிடுகிறது.

பத்திரிகை மேல் எனக்கு உள்ள பெரிய குறை வேறு. சாக்லெட்டுக்கு முதல் பக்கம் கிடைக்கிறது. தோளில் பம்பு சுமந்து மருந்து தெளித்த நம் பெண்களைப் பற்றிய ஆய்வுக்கு அந்த இடம் கிடைப்பதில்லை. தெனாகானிதா அமைப்பு தோட்டத்துத் தெளிப்பாளர்களின் உடல்நிலை பற்றி 2002இல் அறிக்கை வெளியிட்டது. பாராகுவாட்டை ஒழிக்க அதே ஆண்டில் அரசாங்கம் முடிவெடுத்தது, 2006இல் அந்த முடிவைத் தளர்த்தியது, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது. அந்தப் பதினெட்டு வருஷத்தில் எத்தனை ‘எடை குறைய எளிய வழி’ படித்திருப்பீர்கள்?

ஆகவே, அடுத்த முறை உங்கள் மருந்தைப் பற்றிச் செய்தி வந்தால், அந்தத் துண்டைக் கத்தரித்து மாத்திரைப் பைக்குள்ளேயே வையுங்கள். கைப்பேசியில் வந்ததானால் அழிக்காமல் வையுங்கள். கிளினிக்கில் மருந்து கொடுக்கிற சன்னலில் இருக்கிறவர் வெறும் பொட்டலம் கட்டுகிறவர் அல்ல, மருந்தைப் படித்தவர். இரண்டையும் அவரிடம் காட்டுங்கள். “ஐயா, இதில் சொல்றது என் மாத்திரையா?” என்று கேளுங்கள். அவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் கூச்சப்பட வேண்டாம், “இனி உபாட் சாயாகா?” என்றாலே போதும், புரிந்துகொள்வார். நம் நாட்டில் பதிவான மருந்தின் அட்டையில் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்குகிற எண் இருக்கும். திரும்பப் பெறப்பட்ட மருந்தா என்பதை அந்த எண், மருந்தின் பெயர், தயாரிப்பு வரிசை எண் ஆகியவற்றை வைத்து அவர் பார்த்துச் சொல்லிவிடுவார். வெளியில் யாரோ விற்கிற மாத்திரையில் அந்த எண் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

மாத்திரை சாப்பிட்டதும் மூச்சுத் திணறல், முகம் வீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு என்று வந்தால் தவணை நாளுக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அப்படி எதுவும் இல்லாமல் செய்தியைப் படித்த பயம் மட்டும்தான் என்றால், கேட்டுத் தெரிந்துகொள்கிற நாள் வரைக்கும் இராத்திரி மாத்திரையை வழக்கம்போல் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.